கண்ணாடிப் பந்தல்

உள்ளே வாருங்கள். செருப்பை அங்கேயே விடுங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

மாடியில் இருக்கிற சோலார் பேனலைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள்? தெரியும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு மணி அடிக்கிறவர்கள் எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். அந்த ஜெயசீலன் அனுப்பினானா? பேனல் கடைக்காரன்? ‘கொசப்பேட்டையில ஒரு பெரியவர் வீடு இருக்கு, போய்ப் பாருங்க, அவரே சொல்லுவார்’ என்றிருப்பான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனலே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. அப்படியும் அனுப்புகிறான். ரோஷம் கெட்டவன்.

என்ன கேட்டீர்கள்? பேனல் போட்டால் வீடு குளிருமா என்றா?

அட. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கரண்ட் பில்லைத்தான் கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குளிரும். நன்றாகவே குளிரும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பது யார்? நீங்களா, வேறு ஆளா? சரி, இப்போது சொல்ல வேண்டாம். நான் பேசி முடித்ததும் சொல்லுங்கள். அப்போது நன்றாக யோசித்துச் சொல்வீர்கள்.

இந்த வீடு இரண்டு அடுக்கு. கீழே நானும் என் வீட்டுக்காரி வேதவல்லியும். மேலே என் தம்பி சம்பந்தம், அவன் பெண்டாட்டி மேகலா. அதற்கும் மேலே மொட்டை மாடி. அது எனக்குச் சேர்ந்தது. பாகம் பிரித்தபோது பெரியவர்கள் முன்னால் கேட்டு வாங்கினேன், என் மகன் பின்னால் ஒரு மாடி எழுப்பிக்கொள்ளட்டும் என்று. மகன் ஓசூரோடு போய்விட்டான். ஒரு செங்கல்லும் எழுப்பப் போவதில்லை. ஆனாலும் மாடி என்னுடையது. மாடிக் கதவின் சாவி இதோ, என் அரைஞாணில் தொங்குகிறது. பாருங்கள். கீழேயும் நான், அவன் தலைக்கு மேலேயும் நான். நடுவில் அவன்.

நான் ஐஸ்காரன். படிப்பெல்லாம் இல்லை, கையெழுத்துப் போடுவேன். ஐஸ் ஃபேக்டரியில் கட்டி எடுத்து மூன்று சக்கர வண்டியில் ஏற்றி ஊர் முழுக்கப் போடுவேன். மீன் கடை, சோடாக் கடை, கல்யாண மண்டபம், சாவு வீடு. வேலூர் வெயிலில் ஐஸ் கட்டியை உருகாமல் கொண்டு சேர்ப்பது லேசான வேலையா? வண்டிப் பலகையில் உமி பரப்ப வேண்டும். அதன் மேல் கட்டி. கட்டிக்கு மேல் மறுபடியும் உமி. அதற்கு மேல் நனைத்த சாக்கு. வெயில் சாக்கைத்தான் அடிக்க வேண்டும், கட்டியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் தொழில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஞாபகம் இல்லாமல் போனது, அதனால் சொல்கிறேன்.

சாவு வீட்டு ஐஸ் தனி. மீன் மேல் கொட்டுகிற மாதிரி கொட்ட முடியாது. உடம்புக்கு இரண்டு பக்கமும் அணைத்துக் கொடுக்க வேண்டும், சத்தம் வராமல். குடும்பத்துக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள், கட்டி டொக்கென்று விழுந்தால் அவர்களுக்குத் தூக்கிப் போடும். நான் வைத்தால் சத்தமே கேட்காது. எத்தனையோ பேரை நான் குளிர வைத்து அனுப்பியிருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தெருக்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் அம்மா மேலே தம்பியோடு இருந்தாள். கத்திரி வெயிலில் ஒருநாள் காலையில் போய்விட்டாள். மேகலா படியில் நின்று கத்தினாள். எல்லோரும் மேலே ஓடினார்கள். நான் ஃபேக்டரிக்கு ஓடினேன்.

ஏன் என்று பார்க்கிறீர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம். அப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. அப்பாவுக்கு நான் வைத்தாயிற்று. அம்மாவுக்கு அவன்தான் வைப்பான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எனக்கு என்ன மிச்சம்? ஐஸ்தான். அது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்ய முடியும்.

கட்டி கட்டியாகப் பார்த்து எடுத்தேன். நடுவில் வெள்ளை விழாத, கண்ணாடி மாதிரி இருக்கிற கட்டிகள். அப்போது நான் தொழிலை விட்டிருந்தேன், வண்டி வேறு ஒருவனிடம் இருந்தது. அவனை இறங்கச் சொல்லிவிட்டு நானே மிதித்தேன். வெயில் ஏறிவிட்டது. தெரு முனை திரும்புகிறேன், நம் வீட்டு வாசலில் ஒரு வேன். ஃப்ரீசர் பெட்டியை நான்கு பேர் மாடிப் படியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைப் பெட்டி. கண்ணாடி மூடி போட்டது.

தம்பி வந்தான். ஊரே நிற்கிறது. என்ன சொன்னான் தெரியுமா?

“அண்ணே, பெட்டி வந்துடுச்சு. ஐஸ் வேணாம். தண்ணி ஓடும், வர்றவங்க வழுக்கி விழுவாங்க.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, ஓடி, சாக்கடை வரைக்கும் போனது. மாலையோடு வந்த ஒரு பெண்பிள்ளை அந்தத் தண்ணீரில் செருப்பைக் கழுவிக்கொண்டு படியேறினாள். அம்மாவுக்கு வைக்க வேண்டிய ஐஸ். செருப்புக் கழுவினாள்.

அன்றைக்குச் சொன்னேன், அவன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று. மிதிக்கவில்லை. அம்மாவை இறக்கிக் கீழே கொண்டு வந்த பிறகுதான் முகம் பார்த்தேன். அந்த ஐஸ் எப்படிக் கரைந்ததோ அப்படி இவன் உருக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மோர் குடியுங்கள். வேதவல்லி, உப்பு குறைவாக இருக்கு பார். அவளுக்கு இந்தக் கதை பிடிக்காது. உள்ளே போய்விடுவாள், நல்லது.

உருகத்தான் செய்தான். கடவுள் இருக்கிறார். மேல் வீடு இருக்கிறதே, அது கத்திரியில் செங்கல் சூளை. மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் கக்கும். ஃபேனைப் போட்டால் மேலே இருக்கிற அனலை அள்ளித் தலையில் கொட்டும். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, என் தலைக்கு மேலே அவன் வீடு குடை மாதிரி. அவன் வேகிறான், நான் குளுகுளுவென்று படுத்திருக்கிறேன்.

ஏசி வாங்கினான். அதன் வெளிப் பெட்டியை என் ஜன்னலுக்கு மேலே சுவரில் மாட்டினான். வேதவல்லி சண்டைக்குப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். மத்தியானம் தொடங்கி உர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும், என் முற்றத்தில் தண்ணீர் சொட்டும். அது ஓட ஓட எனக்குத் தூக்கம் சொக்கும். அவ்வளவு ஓடியும் அறை குளிரவில்லை என்று மேகலா யாரிடமோ புலம்பியது காதில் விழுந்த அன்றைக்கு இன்னும் ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன்.

ஒரு வருஷம் மேகலா வந்து இதே வாசலில் நின்றாள்.

“மாமா, மாடியில ஒரு கீத்துப் பந்தல் போட்டுக்கறோம். வெயில் முடிஞ்சதும் பிரிச்சுடறோம்.”

“ஒரு கீத்துகூட ஏறக் கூடாது.”

“அப்ப வெள்ளை பெயின்ட்டாவது அடிச்சுக்கறோம் மாமா. சூடு கொஞ்சம் கொறையுமாம்.”

“என் மாடி கறுப்பாவே இருக்கட்டும்.”

படியேறிப் போய்விட்டாள். நல்ல பெண்தான், இவனுக்கு வாழ்க்கைப்பட்டது அவள் தலையெழுத்து.

அதே வருஷம்தான் பாகாயம் பக்கம் அவர்கள் வாடகைக்கு வீடு பார்ப்பதாகப் பேச்சு வந்தது. கீழ் வீடு, வேப்பமரம் இருக்கிறதாம். சம்பந்தம் போய்ப் பார்த்துப் பிடித்துவிட்டதாம். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். இன்னும் ஒரு கத்திரி. ஒரே ஒரு கத்திரி தாங்க மாட்டார்கள், மூட்டை கட்டிவிடுவார்கள். அம்மா செத்த வீட்டில் அவன் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வெயிலே என் பக்கம் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்தேனா? உட்காரவில்லை. என் போறாத காலம்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் பாய், தலையணை, ஒரு குடம். தளமெல்லாம் தண்ணீர் தெளித்த அடையாளம். என் மாடியில் படுத்துத் தூங்குகிறார்கள்! ஒரு பக்கம் வடகம் வேறு காய்கிறது. சாவி எப்படிப் போனது? நான் குளிக்கும்போது அரைஞாணிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டுவேன். இவள் எடுத்துக் கொடுத்து இன்னொரு சாவி செய்ய வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரி! கேட்டால், “மனுஷங்க தூங்க வேணாமா?” என்றாள். அந்தக் கோபத்தில் இருந்தேன். அந்த வாரம்தான் ஜெயசீலன் வந்தான்.

கழுத்தில் டையும் கையில் பையுமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து, சூரியன், மானியம், மீட்டர் என்று என்னென்னவோ சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் சொன்னான், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

“ஒரே ஒரு கஷ்டம் சார். மாடி அடைஞ்சு போயிடும். துணி காயப் போட, வத்தல் போட, படுக்க, எதுக்கும் இடம் இருக்காது.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“இடம் இருக்காது சார். வேணும்னா உயரமா கம்பி வெச்சுப் போட்டுத் தர்றோம். கீழ பந்தல் மாதிரி ஜம்முனு உட்காரலாம்.”

“உயரம் வேணாம். தாழப் போடு. நாய்கூட நுழையக் கூடாது.”

“உங்களுக்கு எவ்ளோ கரண்ட் தேவைப்படும் சார்?”

“கரண்ட்டை விடு. மாடி எவ்ளோ நீளமோ அவ்ளோ போடு. தொட்டிக்குப் போக ஒரு வழி, கழுவ ஒரு வழி. மத்ததெல்லாம் அடை.”

இப்படி ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை. முகமெல்லாம் பல்.

மாசி மாதம் வந்து போட்டார்கள். கம்பியும் கண்ணாடியும் மேலே ஏற ஏறத் தெருவே வேடிக்கை பார்த்தது. சம்பந்தமும் எதிர்ச் சாரியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பாயும் தலையணையும் கீழே இறங்கின. வடகப் பாத்திரம் இறங்கியது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றும் இறங்குவதைப் பார்த்தேன். அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்புறம் கத்திரி வந்தது. நான் காத்திருந்தேன். ஏசி சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை.

மத்தியானம் போனது, சாயங்காலம் போனது, சத்தம் இல்லை. முற்றம் காய்ந்து கிடக்கிறது. ஏசி பழுதாகிவிட்டது என்று நினைத்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழுது பார்க்கக்கூட வக்கில்லாமல் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று வேதவல்லியிடம் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயடியில் மேகலா. என்னைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“மாமா, நீங்க நல்லா இருக்கணும். பேனல் போட்டதுலேர்ந்து தளத்துல சூடே இறங்கல. சாயங்காலம் ஃபேன் போட்டா காத்து வருது மாமா, காத்து! ஏசி பக்கமே போறதில்ல. அவர்கூட சொன்னார், அண்ணன் வாய்ல சொல்லாது, செய்கையில காட்டும்னு.”

நின்றேன். குடம் நிரம்பி என் காலில் வழிந்தது.

உள்ளே வந்து வேதவல்லியிடம், “இதுக்குத்தான் சிரிச்சியா?” என்றேன். அவள் கீழே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். “கீத்துப் பந்தல் கேட்டதுக்கு வேணாம்னீங்க. கண்ணாடியில போட்டுக் குடுத்துட்டீங்க” என்றாள். டீக்கடையில் மஸ்தான் பாய்க்கும் விஷயம் போய்விட்டது. “இன்னா அண்ணாத்த, தம்பிக்குக் கண்ணாடிப் பந்தலாமே! எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான், ஒரு தார்ப்பாய்கூடப் போட மாட்டான்” என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே டீ குடிப்பதை விட்டுவிட்டேன். இப்போது சுற்றிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போய்க் குடிக்கிறேன், அங்கே டீ நன்றாக இல்லை.

பாகாயம் வீடும் போயிற்று. ‘இங்கேயே நல்லா இருக்கு, எதுக்கு மாறணும்’ என்று அந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பாருங்கள் ஐயா. கரண்ட் எனக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டில் எதற்குக் கரண்ட்? இரண்டு ஃபேன், ஒரு டிவி. குளிர்ச்சி முழுக்க அவனுக்கு.

ஜெயசீலனை வரச் சொன்னேன். வந்தான், பூங்கொத்து கொடுக்காத குறையாக.

“நீ இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“எதை சார்?”

“மேல் வீடு குளிரும்னு.”

“அது நல்ல விஷயம்தானே சார்! வெயில் பேனல்ல விழுந்துடுது, தளத்துக்கு வர்றதில்ல. நடுவுல காத்து போய் வருது. தளம் சூடாகாது. தனியா அதுக்குக் காசு வாங்கறதில்ல, அதனால சொல்லல.”

“சரி. கரண்ட்டும் வரணும், மேல் வீட்டுக்கு வெயிலும் அடிக்கணும். அப்படி மாத்திப் போட முடியுமா?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வேதவல்லியைப் பார்த்தான். “ஐயாவுக்கு உடம்பு கிடம்பு...” என்று மெதுவாகக் கேட்டான். எழுந்து போகச் சொன்னேன்.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மார்கழி. இந்த ஊர் மார்கழிப் பனி சும்மா இல்லை. பகலில் தளத்தில் வெயில் ஏறாவிட்டால் வீட்டில் கதகதப்பு எங்கிருந்து வரும்? வெயிலில் தப்பித்தவன் பனியில் விறைக்கட்டும் என்று காத்திருந்தேன். மார்கழியும் வந்தது. காலையில் மேகலா கோலம் போட்டுக்கொண்டே இவளிடம் சொல்கிறாள், “பனி நேரா தளத்துல இறங்கல அக்கா. போன வருஷம் மாதிரி ரெண்டு போர்வை வேண்டியிருக்கல. பேனலே மேல போத்தின மாதிரி இருக்கு.” கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குத்தான் கால் விறைத்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவன் படுக்கிற அறைக்கு மேலே இருக்கிற பேனல்களை மட்டும் கழற்றிவிடுவது என்று. மற்றது இருந்துவிட்டுப் போகட்டும். அவன் தலைமாட்டுக்கு மட்டும் சூரியன் இறங்கினால் போதும்.

அவசரத்தில் செருப்புப் போடவில்லை. கழுவுகிற வழியில் வெயில் நேராக விழுகிறது, தளம் தோசைக்கல். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே போய் உட்கார்ந்து, ஒரு போல்ட்டை இளக்கிவிட்டு, அடுத்ததைத் தேடிப் பேனலுக்கு அடியில் கையை விட்டேன். உள்ளங்கை தரையில் பட்டது.

கையை எடுக்க முடியவில்லை.

சுடவில்லை, அதனால்தான். சாக்குக்கும் உமிக்கும் அடியில் கையை விட்டால் எப்படி இருக்கும்? அப்படி. அதே குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குத் தெரியும். மேலே வெயில், நடுவில் ஒரு மூடி, அடியில் பத்திரமாக ஒன்று. வாழ்நாளெல்லாம் இந்த வேலையைத்தானே செய்தேன். அதே கையால் இவனை ஐஸ் கட்டி மாதிரி வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்! எனக்கே தெரியாமல். எந்த முட்டாளாவது செய்வானா?

“அண்ணே.”

திரும்பிப் பார்த்தேன். சம்பந்தம் படிக்கட்டுக் கதவில் நிற்கிறான். அம்மா போன அன்றைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“வெறுங்காலோட நிக்கறியே. கொப்பளிச்சுடும். தொட்டி நிழலுக்கு வா.”

“என் மாடி. எங்க நிக்கணும்னு நீ சொல்லாத.”

“சரி, சொல்லல. எதுக்குக் கழட்டற?”

“வெயில் வரட்டும்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்டா.”

சிரித்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. கீழே இருந்து பார்க்கும்போது தெரியவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அந்த ஐஸ் கோவம் இன்னும் போகலையா உனக்கு?”

“போகாது.”

“அன்னிக்கு மேல எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா அண்ணே? நீ வரவேயில்ல, உனக்குத் தெரியாது. அம்மா படுத்திருந்த கட்டில் கம்பியில கை வெக்க முடியல. தளம் அப்படிக் கொதிச்சுது. தங்கச்சி சூரத்துலேர்ந்து வரணும், மறுநாள்தான் வந்து சேரும்னாங்க. அதுவரைக்கும் உன் ஐஸ் தாங்குமா? நீயே சொல்லு. நீதானே ஐஸ்காரன்.”

தாங்காது. அந்த அனலில் மத்தியானம்வரைகூடத் தாங்காது. எனக்குத் தெரியாதா? ஆனால் அதை அவனிடம் சொல்வேனா?

“கீழ என் வீடு இருந்துச்சேடா” என்றேன். “குளுகுளுன்னு இருந்துச்சே. அம்மாவை அங்க இறக்கிக் கிடத்தியிருந்தா தாங்கியிருக்கும். நான் மாத்தி மாத்தி வெச்சிருப்பேன். தங்கச்சி வர்ற வரைக்கும் தாங்கியிருக்கும். ஏன்டா இறக்கல?”

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

“தோணல அண்ணே” என்றான். “சத்தியமா அன்னிக்குத் தோணல.”

எழுந்து கீழே போய்விட்டான்.

தோன்றவில்லையாம்! கேட்டீர்களா? ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சண்டை போட ஏதாவது கிடைத்திருக்கும். தோன்றவில்லையாம். ஒரு மாடிப் படி இறங்கினால் அண்ணன் வீடு. அது அவனுக்குத் தோன்றவில்லை.

பேனலா? இல்லை, கழற்றவில்லை. இளக்கின போல்ட்டையும் திரும்ப முடுக்கிவிட்டேன். காற்றில் பறந்து யார் தலையிலாவது விழுந்தால் போலீஸ் கேஸ் ஆகும், அதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை. காலையில் கழுவவும் கழுவுகிறேன். தூசி படிந்தால் கரண்ட் குறையும் என்று ஜெயசீலன் சொல்லியிருக்கிறான், அதற்காக.

விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை நான். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இதில் அவன் தப்பிக்கவே முடியாது.

வேதவல்லியிடம் சொல்லிவிட்டேன். மகனிடமும் போனில் சொல்லிவிட்டேன், அவன் ‘ஏம்பா இப்படிப் பேசற’ என்று வைத்துவிட்டான், ஆனால் காதில் விழுந்திருக்கும். நான் போனால் என்னைக் கீழே கிடத்தக் கூடாது. மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் வீட்டு ஹாலில் கிடத்த வேண்டும். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன், மிதிக்க மாட்டேன். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பெட்டி வரக் கூடாது. ஐஸ்தான். ஃபேக்டரி முதலாளியின் மகன் என்னை மறக்கவில்லை, கேட்டால் கட்டி பார்த்துக் கொடுப்பான். உமியும் சாக்கும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, எலி கடிக்காமல் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்த டைல்ஸ் தரை முழுக்கத் தண்ணீர் ஓடட்டும். படியில் இறங்கட்டும். வருகிறவர்கள் வழுக்கி விழட்டும். முதலில் அவன் விழட்டும். அவனே துடைக்கட்டும். அண்ணன் கிடக்கிறேன், எழுந்து வெளியே போ என்று சொல்லிவிடுவானா? சொல்லட்டும் பார்க்கலாம்.

தாங்குமா என்றா கேட்கிறீர்கள்? தாங்கும் ஐயா. இப்போது தாங்கும். கத்திரியாகவே இருக்கட்டும், ஓசூரிலிருந்து மகன் வந்து சேருகிற வரைக்கும் தாங்கும். மேலே என் பேனல் இருக்கிறதே.

தம்பி எனக்கு முந்திக்கொண்டால் என்றா? முந்த மாட்டான். என்னைவிடச் சின்னவன். அப்படியெல்லாம் பேசாதீர்கள்.

சரி, மோர் ஆயிற்றா? நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் வேண்டும் என்றால் மேலேதான் போக வேண்டும். குளிர்கிறது, குளிர்கிறது என்று ஊரே சொல்கிறது. நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மேகலா இருப்பாள், கூப்பிட்டால் வருவாள், நல்ல பெண். உட்காரச் சொல்வாள். நாற்காலியில் உட்கார வேண்டாம், தரையில் உட்காருங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுவரோரம், நடு ஹால், வாசல் பக்கம், எல்லா இடத்திலும் வையுங்கள். எந்த இடம் ரொம்பக் குளிருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடம் இருக்கும், அம்மாவைப் பெட்டியில் வைத்தது அங்கேதான் என்று சொன்னார்கள். அதை மறக்காமல் தொட்டுப் பாருங்கள்.

பார்த்துவிட்டு நேராகத் தெருவுக்குப் போய்விடாதீர்கள். வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இடம் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பேனலைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்.